மேலே இருந்த வரி

கணவன் பூபதியின் காரியங்கள் எல்லாம் முடிந்து பொற்கொடி மறுபடி வேலைக்குப் போன அன்று, மேனேஜர் மணிகண்டன் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் நின்றுகொண்டே பேசினார். கார் கதவுகளுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் கம்பெனி அது. ஓசூர் சிப்காட்டின் பின்வரிசையில், கர்நாடக லாரிகள் திரும்பும் முனையில் இருக்கிறது. பூபதி அங்கே ஃபிட்டராக இருந்தான். பொற்கொடி கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள். பூபதி போய்விட்டான், அவள் இருந்தாள்.

"கஷ்டந்தாம்மா, தெரியுது. ஆனா உங்களைத் தவிர வேற யாரும் எடுத்துக் குடுக்க முடியாது. ரெண்டாம் நம்பர் பிரஸ்ஸோட அன்னைக்கு ரெக்கார்டு வேணும். அந்தப் பையன் எழுதி வெச்சேன்னு இன்னும் சாதிக்கிறான்."

அந்தப் பையன் என்றது சந்தோஷை. தொரப்பள்ளிப் பக்கத்து ஆள். விபத்துக்கு முந்தைய ஷிப்டில் அந்த பிரஸ்ஸை ஓட்டியவன். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மேல் தட்டைத் தாங்கி நிற்பது எண்ணெயின் அழுத்தம். மின்சாரத்தை நிறுத்தினாலும் தட்டு மேலேயே நிற்கும். வால்வு கசிந்தால் மட்டும் தன் எடையிலேயே இறங்கும். அந்த வால்வு கசிந்துகொண்டிருந்தது. அது தெரியாமல் பூபதி கீழே உள்ள சென்சாரை மாற்றத் தலையை உள்ளே கொடுத்திருந்தான். வால்வு முழுசாக விட்டு, தட்டு அவன்மேல் இறங்கிவிட்டது.

சுடுகாட்டுக்கு எடுப்பதற்கு முன், கூட்டத்தின் ஓரத்தில் சந்தோஷ் மாலையோடு நின்றான். பொற்கொடிதான் எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்தாள். "எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதாடா? ஒரு வரி! ஒரு வரி எழுதியிருந்தா எங்க வீட்டுக்காரர் இருந்திருப்பாரே!" அவன் வாய் திறந்து ஏதோ சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை. மாலையைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனான். கம்பெனி ஆட்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். விசாரணை அந்த வார்த்தையிலிருந்துதான் ஆரம்பித்தது. சந்தோஷை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அவள் டேட்டாபேஸைத் திறந்து அந்த ஷிப்டின் பதிவை எடுத்தாள். பிரஸ் எண், அழுத்தம், எண்ணெய்ச் சூடு, அழுத்திய தகடுகள். கடைசியில், நிலை: ஓடுது. வேறொன்றும் இல்லை.

"பாத்தீங்களா, பொய் சொல்றான்" என்று மணிகண்டன் காகிதத்தை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வரியை அவள் முன்பே ஒருமுறை படித்திருந்தாள். அது மணிகண்டனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

விபத்து நடந்த காலை பூபதி பிரஸ் பக்கத்திலிருந்து போன் செய்தான்.

"கொடி, ரெண்டாவது பிரஸ்ஸுக்கு நைட்டுக்காரன் என்னா எழுதிக்கீறான் பாரு."

"வையுங்க, பாத்துட்டுக் கூப்பிடறேன்."

"வெக்க மாட்டேன். உன் பைனரிதான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துக் குடுக்குமே, குடு."

சிரித்துக்கொண்டே தட்டினாள். உண்மையிலேயே கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. "ஓடுதுன்னு போட்டிருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"அப்ப முட்டு வேணாம். அது மூணாவது பிரஸ்ல கெடக்குது, இழுத்துக்கினு வர ரெண்டு ஆளு வேணும்." மேல் தட்டு இறங்காமல் நடுவில் நிறுத்தும் இரும்புக் கட்டையைத்தான் முட்டு என்பார்கள். எப்போதும் வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கும். நிலை வரியில் ஏதாவது குறை எழுதியிருந்தால்தான் வைப்பார்கள்.

"காலையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"உப்புமான்னு ஒண்ணு கட்டிக் குடுத்தியே, அதுவா? அத வெச்சு ஒரு தூணே எழுப்பலாம் புள்ள" என்றான். அவள் திட்டுவதற்குள் வைத்துவிட்டான்.

*

ஒரு வருஷத்துக்கு முன்பு வரை அந்தப் பதிவுகள் எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்களாக, பிரஸ் பக்கத்திலிருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே கிடந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஷிப்ட் முடிகிறவன் நிலை என்று போட்டு ஒரு வரி அடிப்பான், அடுத்து வருகிறவன் அதைப் படிப்பான். பொற்கொடிக்கு அது கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு பதிவிலும் அழுத்தம், சூடு, நிலை என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப இடத்தை அடைத்தன. நூற்று எண்பது என்ற அழுத்தம் எண்ணாக இல்லாமல் மூன்று எழுத்தாக உட்கார்ந்திருந்தது. ஒரு நாளின் பதிவைத் தேட மாசம் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அடிக்கடி நிரம்பி நின்றுபோகும்.

எல்லாவற்றையும் பைனரியாகச் சேமிக்கும் ஒரு டாக்குமெண்ட் டேட்டாபேஸுக்கு மாற்றினாள். அதில் எண் எண்ணாகவே இருக்கும், தேதி தேதியாகவே இருக்கும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் அதன் நீளம் இருக்கும், வேண்டாததைப் படிக்காமலே தாண்டிப் போகலாம். மனிதக் கண்ணுக்கு மட்டும் அது கோணல்மாணலான குறிகளாகத் தெரியும்.

அந்த நாட்களில் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி வாங்கிக்கொண்டு நின்றபோது இதை பூபதிக்கு விளக்கினாள். ஒரு பக்கம் தரையில் குவியல், இன்னொரு பக்கம் லாரியில் ஏற அடுக்கிய பெட்டிகள்.

"உங்க டெக்ஸ்ட் அந்தக் குவியல் மாதிரி. என்னோடது பெட்டி. மேல சீட்டு இருக்கு, எத்தனை கிலோ, யாரோடதுன்னு. திறக்காமலே ஏத்தலாம், எறக்கலாம்."

பூபதி குவியலில் ஒரு தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தான். "குவியல்ல அழுகினது கண்ணுக்குத் தெரியும். பெட்டியில?"

"அழுகினதுன்னு சீட்டுல எழுதியிருக்கும்."

"எவன் எழுதுவான்? எங்காளுங்களா?" என்று சிரித்தான். "ஆனா ஒண்ணு கொடி. எங்காளுங்க எழுதினா எழுதினதுதான், அழிக்க மாட்டானுங்க. முன்ன ஒருத்தன் எழுதினத இன்னொருத்தன் அழிச்சு, பெரிய அடிதடி ஆயிப்போச்சு. அதுலருந்து மேல இருக்கறதைத் தொடறதில்ல. கீழ இன்னொரு நிலை போட்டு எழுதுவாங்க."

"நல்ல பழக்கம்" என்றாள் பொற்கொடி. தக்காளிக்காரியிடம் பையை நீட்டினாள்.

பழக்கத்தை உடைக்க வேண்டாம் என்றுதான், அவர்கள் நோட்பேடிலேயே அடிக்கட்டும் என விட்டாள். புதிய ஷிப்ட்காரனும் தன் வரியை அடித்துச் சேமித்ததும், அவள் எழுதிய புரோகிராம் அந்த ஃபைலை எடுத்து பைனரியாக்கி டேட்டாபேஸில் போடும். போட்ட கையோடு டெக்ஸ்டை அழித்துவிடும். பிரஸ் பக்கத்திலேயே பதிவைப் பார்க்க ஒரு திரை வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அது அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. அதுவரைக்கும் யாருக்கு என்ன வேண்டுமானாலும் அவளுக்குத்தான் போன் செய்வார்கள்.

மாறிய பிறகு பதிவுகளில் குறைகள் குறைந்தன. மணிகண்டன் அதை ஒரு படமாகப் போட்டு மீட்டிங்கில் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் பூபதி விசில் அடித்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்தோஷும் அவன் அம்மா சாந்தம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பூபதியின் அப்பா பொன்னுசாமி, மகன் போனதிலிருந்து தன் ஊரான மத்தூருக்குத் திரும்பாமல் மருமகளோடுதான் இருந்தார். கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றார்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கினுடா வந்த?"

"இந்த ஒரு மூஞ்சிதான் பெரியவரே அவனுக்கு இருக்குது" என்றாள் சாந்தம்மா. "வெயில்ல நிக்கறோம். கேட்டத் தெறக்க வேணாம், காத மட்டும் தெறங்க."

"என் மவனத் தின்னுட்டு வாய் வேற பேசுறியா?"

"அய்யோ தேவுடா! உம் மவன் எம் மவனுக்கு வேல கத்துக்குடுத்தவரு. அவரு சாவணும்னு நெனைப்பானா? ஏம்மா பொற்கொடி, நீ ஒரு வார்த்த சொன்னே, எம் புள்ளைய வெளிய நிறுத்திட்டாங்க. இன்னொரு வார்த்த சொல்லும்மா. மத்த கம்பெனிக்குப் போனாலும் ஆளைக் கொன்னவன்னு தெரிஞ்சுகிட்டுத் திருப்பி அனுப்பறாங்க."

பொற்கொடி உள்ளேயிருந்து வந்து மாமனாருக்குப் பின்னால் நின்றாள். "நான் பதிவைப் பாத்தேன்மா. அதுல ஒண்ணுமில்ல."

சந்தோஷ் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். "எழுதுனேன்க்கா."

"எங்கடா எழுதின? ஆகாசத்துலயா?" என்றார் பொன்னுசாமி.

"ஃபைல்லதான் பெரிப்பா. நிலைன்னு போட்டு, 'மேல் தட்டு தானா எறங்குது, வால்வு பாக்கணும்'னு அடிச்சேன். அடுத்த ஷிப்டுக்கு சின்னராஜண்ணன் வந்தாரு. அவரு எனக்குக் கீழ 'ஓடுது'ன்னு அடிச்சாரு. அது ஓடிக்கினுதானே இருந்துது. நான் பையெடுத்துக்கினு கெளம்பிட்டேன்."

"சின்னராஜ் அப்படிச் சொல்லலையே?" என்றார் பெரியவர்.

"அவரு மேல படிக்கலன்னு சொல்றாரு பெரிப்பா. படிக்காம விட்டதுக்கு நான் என்னா பண்ணுவேன்?"

பொற்கொடி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சந்தோஷ், சின்னராஜும் நிலைன்னு போட்டுத்தான் அடிச்சாரா? அதே பேரு?"

"அதேதான்க்கா. எப்பவும் அப்படித்தானே. மேல இருக்கறத அழிக்க மாட்டோமே, அண்ணன் சொன்னதில்லையா உங்களுக்கு?"

சொல்லியிருந்தான். தக்காளியை அமுக்கிக்கொண்டே சொல்லியிருந்தான்.

"போங்க" என்றாள். சாந்தம்மா, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு மகனின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "பாத்தியா, பொய்ய நேருக்கு நேர் கேட்டதும் ஓடுறான்" என்று பொன்னுசாமி உள்ளே வந்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் முதலில் அதைத்தான் செய்து பார்த்தாள். நோட்பேடில் ஒரு பொய்ப் பதிவு. நிலை: எண்ணெய் ஒழுகுது. அதற்குக் கீழே, நிலை: ஓடுது. திரையில் இரண்டு வரியும் பளிச்சென்று, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. தன் புரோகிராமை ஓட்டினாள். டேட்டாபேஸில் ஒரே ஒரு நிலை இருந்தது. ஓடுது.

பிழை என்று எதுவும் எச்சரிக்கவில்லை. டெக்ஸ்டுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், ஒரே பெயரில் பத்து வரி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. படிக்கிறவன் கண் பத்தையும் படித்துக்கொள்ளும். அவள் புரோகிராம் அப்படியில்லை. ஒரு பெயருக்கு ஒரு மதிப்புதான் என்று வைத்துக்கொண்டு, இரண்டாவது வந்ததும் முதலாவதின் இடத்தில் உட்கார்த்திவிடும். இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. பாடத்தில் படித்தது. அதை இந்தப் பக்கமும், தொழிலாளிகள் கீழே எழுதுவதை அந்தப் பக்கமும் வைத்திருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

குறை என்பது முந்தைய ஷிப்ட்காரன் எழுதுவது, மேல் வரி. ஓடுது என்பது வருகிறவன் எழுதுவது, கீழ் வரி. இந்த ஒரு வருஷமும் குறைகளை மட்டும் பொறுக்கி அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குத்தான் கை தட்டினார்கள்.

சந்தோஷ் எழுதிய ஃபைல் இல்லை. அழித்ததும் அவள் புரோகிராம்தான். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் வைப்பது சுத்தமான வேலை இல்லை என்று யாரோ கேட்டதற்கு அவளே விளக்கம் சொல்லியிருக்கிறாள். ஆக அவன் எழுதினான் என்பதற்கு உலகத்தில் எந்தச் சாட்சியும் கிடையாது, அவள் வாய் திறந்தால் ஒழிய. திறக்காவிட்டால் யாரும் வந்து கேட்கவும் போவதில்லை. அந்தப் போனைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் சாம்பலாகிவிட்டான்.

அன்று மாலை மாமனார் தட்டில் கை வைத்துக்கொண்டு, "அந்தப் பய கை வெளங்காமப் போவணும்" என்றார். தினமும் சொல்வதுதான். பொற்கொடி தன் கையால் அவருக்கு ரசம் ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார், ஊற்றினாள். தன் கையை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை.

*

விசாரணைக்கு மணிகண்டன், பாதுகாப்பு அதிகாரி, சின்னராஜ், சந்தோஷ் நான்கு பேரும் வந்திருந்தார்கள். பொற்கொடியைக் கூப்பிட்டது அந்தக் காகிதத்தில் இருப்பது அசல்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல. அவள் லேப்டாப்பைக் கொண்டுபோய் சுவர்த்திரையில் மாட்டினாள்.

"சின்னராஜண்ணா, நீங்க வழக்கமா அடிக்கற மாதிரி இதுல அடிங்க. மேல சந்தோஷ் அடிக்கட்டும்."

"என்னம்மா இது, எங்களுக்குப் பரீட்சையா?" என்று சின்னராஜ் சங்கடமாகச் சிரித்தார். சந்தோஷ் ஒரு விரலால் தேடித்தேடி அடித்தான். மேல் தட்டு தானா எறங்குது, வால்வு பாக்கணும். சின்னராஜ் கீழே அடித்தார். ஓடுது. பொற்கொடி புரோகிராமை ஓட்டினாள். சுவரில் ஓடுது மட்டும் நின்றது.

"என்னுது எங்கக்கா?" என்றான் சந்தோஷ். குழந்தை கேட்பதுபோல இருந்தது.

"அழிஞ்சிருச்சு. ஒரு வருஷமா இப்படித்தான் அழியுது. யாரும் அழிக்கல, நான் எழுதின புரோகிராம் அழிக்குது."

மணிகண்டன் எழுந்து போய்த் திரையை அணைத்தார். "சரி. சாஃப்ட்வேர் கோளாறு. யார் மேலயும் தப்பில்லன்னு எழுதிடலாம். பையனும் வேலைக்கு வரட்டும். நீங்க உக்காருங்கம்மா, ஏற்கெனவே எவ்வளவோ பட்டுட்டீங்க."

அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். சந்தோஷுக்கு வேலை கிடைத்துவிட்டது, அவன்மேல் இருந்த பழியும் போய்விட்டது. நாற்காலிகூடக் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"கோளாறு இல்ல சார். அது நான் சொன்னதத்தான் செஞ்சுது. அன்னைக்கு அவர் உள்ள போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாரு. என்ன எழுதியிருக்குன்னு கேட்டாரு. ஓடுது, வேற ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் முட்டு வேணாம்னாரு." அதற்குமேல் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "இவன் சட்டையைப் புடிச்சப்பவும் அந்தப் போன் என் ஞாபகத்துல இருந்துது."

பாதுகாப்பு அதிகாரி பேனாவை மூடி வைத்தார். சின்னராஜ் மேசையைப் பார்த்துக்கொண்டே, "மேல ஒரு வரி இருந்துச்சே, நானாவது படிச்சிருக்கலாம்" என்றார்.

வெளியே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் சந்தோஷைப் பிடித்தாள். மன்னிப்பு என்ற சொல்லை வாய் வரை கொண்டுவந்தாள். அவன் அதற்கு இடம் கொடுக்காமல், "நாளையிலருந்து வரச் சொல்லிட்டாங்க மேடம்" என்றான். சுற்றுமுற்றும் பார்த்தாள். மேடம் என்றது அவளைத்தான். அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

கம்பெனி அந்த வாரமே அவளை அந்த வேலையிலிருந்து மாற்றியது. மாற்றுவதற்கு முன் இரண்டு நாள் உட்கார்ந்து, தொழிலாளிகள் அடித்த டெக்ஸ்டை அடித்தபடியே, ஒரு எழுத்தும் தொடாமல் பைனரிக்குப் பக்கத்திலேயே வைக்கும்படி திருத்திவிட்டுப் போனாள். பிரஸ் பக்கத்துக்குத் திரையும் வந்தது. இரண்டு வரியும் அதில் தெரிந்தன.

இதெல்லாம் பிறகு. விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, பொன்னுசாமி நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒத்துக்கினானா?"

"அவன் எழுதியிருக்கான் மாமா."

"எவன் சொன்னது?"

"நான்தான்." செருப்பைக் கழற்றாமலே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கம்ப்யூட்டர் விஷயம் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. குறுக்கே பேசவில்லை. போன் விஷயத்துக்கு வந்ததும் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"உன்னக் கேட்டானா?"

"ஆமாங்க மாமா."

"அங்கியே எழுதிருக்கறத ஏன் உன்னக் கேக்கணும்? எம் மவனுக்குப் படிக்கத் தெரியுமே. பன்னெண்டாவது படிச்சான்."

"அவரால படிக்க முடியாத மாதிரி நான்தான் மாத்தி வெச்சேன்."

பொன்னுசாமி எழுந்தார். உள்ளே போய், கொடியில் காய்ந்த தன் வேட்டியை எடுத்து உதறி, இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். பூபதியின் போட்டோ இருந்த பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"மத்தூருக்குக் காலையில மொத பஸ்ஸு எப்ப?"

பொற்கொடிக்குத் தெரியும். சொன்னாள்.